150 ரூபாய் டிக்கெட்டில் 29 ரூபாய்

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மாலைநேரப் பாட வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் 9 ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை சேலத்தில் நாடகமோ இசை நிகழ்ச்சியோ நடத்தி, டிக்கெட் விற்று வரும் பணத்தில்தான் பிள்ளைகளுக்கான நோட்டுகளையும் வகுப்பெடுப்பவர்களின் மதிப்பூதியத்தையும் சமாளிக்கிறோம். முன்பெல்லாம் டிக்கெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்குவோம். அடிக்கட்டைகளை எண்ணிக் கணக்கு முடிக்க ஒரு வாரம் ஆகும். கடந்த ஆண்டு முதன்முறையாக இணையத்தில் விற்றோம். அந்த அனுபவத்தில் கற்றதைத்தான், இதே வேலையைச் செய்யும் மற்ற அமைப்பினருக்காக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சேர்ந்த டிக்கெட் தளம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் விலையில் 3 விழுக்காடும், அதற்கு மேல் 20 ரூபாயும், இரண்டுக்கும் சேர்த்து 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கேட்டது. 3 விழுக்காடு என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டது எங்கள் தவறு. 1,000 ரூபாய் டிக்கெட்டில் இந்தக் கட்டணம் 59 ரூபாய்தான். எங்கள் 150 ரூபாய் டிக்கெட்டிலோ அது ஏறத்தாழ 29 ரூபாய். அதாவது, பெரிய ஊரில் பெரிய கச்சேரி நடத்துபவர் நூற்றுக்கு 6 ரூபாய் கொடுக்கும் இடத்தில், மலைப் பிள்ளைகளுக்காக டிக்கெட் விற்கும் நாங்கள் நூற்றுக்கு 19 ரூபாய் கொடுக்கிறோம். 380 டிக்கெட்டுகளில் 57,000 ரூபாய் வந்தது. அதில் கட்டணமாகப் போனது ஏறக்குறைய 11,000 ரூபாய். நாடகம், இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அரசே விலக்களித்த டிக்கெட்டின் மீது, தளத்தின் சேவைக் கட்டணம் வழியாக வரி வந்து உட்காருவதை அன்றுதான் கவனித்தேன்.

கட்டணத்தை டிக்கெட் வாங்குபவர் தலையில் ஏற்றிவிடலாமே என்று அந்தத் தளத்தினரே யோசனை சொன்னார்கள். இரண்டு நாள் அப்படிச் செய்தும் பார்த்தோம். ஆத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நோட்டீஸ்ல நூத்தம்பதுன்னு போட்டுட்டு இங்க நூத்தெண்பது கேக்குதே, மீதி யாருக்குப் போகுது?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் போகவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இரவே அந்த முறையை நிறுத்திவிட்டோம்.

பணம் கைக்கு வந்த காலமும் இன்னொரு சுமை. அரங்கத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பணம் நிகழ்ச்சிக்கு முன்பே கட்டியாக வேண்டும். டிக்கெட் பணமோ நிகழ்ச்சி முடிந்து 7 வேலை நாள் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு வந்தது. இடைப்பட்ட நாட்களுக்கு இரண்டு உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட எங்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. டிக்கெட் விலைக்கு ஈடாக நிகழ்ச்சியைக் காட்டுகிறோம் என்பதால் அது நன்கொடை ஆகாது. கொடுப்பவருக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை கிடைக்க வேண்டுமென்றால் டிக்கெட்டிலிருந்து பிரித்து நன்கொடையாகவே வாங்கி, கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் எண்ணுடன் கணக்குக் காட்ட வேண்டும். டிக்கெட்டோடு சேர்த்து 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மனமுள்ளவர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். அதற்கொரு தனிக் கட்டம் அந்தத் தளத்தின் படிவத்தில் இல்லை.

கட்டணமே இல்லாத வழியையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாகப் பணம் பெறும் வணிகர்களிடம் எம்டிஆர் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. அறக்கட்டளையின் க்யூஆர் குறியீட்டையும் ஒரு கூகுள் படிவத்தையும் வைத்து ஒரு சிறிய நிகழ்ச்சிக்கு 90 டிக்கெட் விற்றிருக்கிறோம். ஒரு பைசா பிடித்தம் இல்லை. ஆனால் யார் அனுப்பிய பணம் எந்தப் பெயருக்குரியது என்று வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இரவுகள் கண்விழித்தோம். ஒருவர் ஒரே பரிவர்த்தனை எண்ணை இருமுறை எழுதியிருந்தார், தவறுதலாகத்தான். 90 டிக்கெட்டுக்குச் சரி, 400 டிக்கெட்டுக்கு இது தாங்காது. எனவே டிக்கெட் தளங்கள் செய்யும் வேலைக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த வேலைக்குக் கூலி விலைக்கேற்ற விகிதமாக மட்டும் இருக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. பதிவுபெற்ற அறக்கட்டளைகளின் 500 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுகளுக்கு அந்த 20 ரூபாயை நீக்கினால், எங்கள் 11,000 ரூபாய் ஏறத்தாழ 2,000 ஆகிவிடும். மீதி 9,000 ரூபாய், மலையில் வகுப்பெடுக்கும் ஒரு பெண்ணுக்கு நாங்கள் கொடுக்கும் இரண்டு மாத மதிப்பூதியம்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. கனடாவில் தொடங்கிய ஸெஃபி என்ற தளம், அமைப்புகளிடம் எதுவும் வாங்காமல், டிக்கெட் வாங்குபவர்கள் விரும்பித் தரும் தொகையில் இயங்குகிறது. ஜெர்மனியில் உருவான பிரீடிக்ஸ், டிக்கெட் விற்பதற்கான திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் இருந்தால் நம் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். வாங்குபவர்களின் விவரம் நம்மிடமே இருக்கும், வாசலில் டிக்கெட்டைச் சரிபார்க்கும் அதன் செயலி இணைய இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும். சிக்னல் கிடைக்காத அரங்க வாசலில் 40 பேரை மழையில் நிறுத்திவைத்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஒவ்வொரு சிறிய அமைப்பும் தனித்தனியாக சர்வர் வைத்துப் பராமரிப்பது நடக்காத காரியம். சேலம், ஓமலூர், ஆத்தூர், மேட்டூர் வட்டாரங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள் நடத்தும் ஐந்தாறு அமைப்புகள் சேர்ந்தால் பிரீடிக்ஸை ஒரே சர்வரில் நிறுவிப் பொதுவில் வைத்துக்கொண்டு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். எங்கள் அடுத்த நிகழ்ச்சி ஜனவரியில். இணையம் பழகாத பெரியவர்களுக்காக 100 டிக்கெட்டைப் பழையபடி புத்தகமாக அச்சிட்டுவிட்டு, மீதியை இந்த முறையில் விற்க எண்ணியிருக்கிறோம். மென்பொருள் தெரிந்த சேலத்துக்காரர்கள், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்க முடிந்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.