தோப்பு டிராக்டருக்கு ஹெச்.பி. (குதிரைத்திறன்) மட்டும் பார்த்தால் போதாது
‘தோப்பும் வயலும் சேர்ந்து வைத்திருப்பவர்கள் 50 ஹெச்.பி.க்குக் குறையாமல் வாங்க வேண்டும்’ என்று டிராக்டர் வாங்குவது பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. 25 அடி இடைவெளியுள்ள தனித் தென்னந்தோப்பில் பெரிய வண்டி தாராளமாகப் போகும். இடையில் வாழையோ கோகோவோ வைத்துவிட்டால் மிஞ்சும் சந்து 6, 7 அடிதான். அங்கே 24 முதல் 28 ஹெச்.பி. மினி டிராக்டரும் மண்ணைக் கிளறும் 4 அடி ரொட்டவேட்டரும்தான் மரத்தில் உரசாமல் திரும்பும். தென்னையின் வேரில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருப்பதால் அந்த வட்டத்தில் ஆழமாக ஓட்டவே கூடாது. சைலன்சர் மேல்நோக்கி நிற்காத மாடலாகப் பாருங்கள், தாழ்ந்த மட்டையில் முதலில் இடிபடுவது அதுதான். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் டூயல் கிளட்ச் (மிதியை இரண்டு நிலையில் அழுத்தும் கிளட்ச்) வீண்செலவு என்கிறார். அது தவறு. சிங்கிள் கிளட்சில் மிதியை அழுத்தியதும் வண்டியோடு பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) விசை இழக்கும். மட்டையைத் தூளாக்கும் மல்ச்சரில் பாதி அரைந்த மட்டை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். டூயலில் மிதியைப் பாதி அழுத்தினால் வண்டி மட்டும் நிற்கும், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடி மட்டையை அரைத்து முடித்துவிடும். சேற்றுழவு அதிகம் என்றால் மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்குப் பணம் போடுங்கள். இன்னொன்று, கட்டுரையில் விட்டுப்போனது: சவுக்கு வெட்டிய அடிக்கட்டையை இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க்கில் (வண்டியின் பின்னால் மேலே இருக்கும் இணைப்புக் கம்பி) மாட்டாதீர்கள். முன்சக்கரம் தூக்கி, சில நொடிகளில் வண்டி ஓட்டுபவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும் மாட்டி, லோ கியரில் மெதுவாக இழுக்க வேண்டும்.