ராத்திரி பத்து மணிச் சாப்பாடும் காலையில் ஒரு கேஸ் குளிகையும்

நெஞ்செரிச்சல் என்று வந்துவிட்டால் நம்ம குமரி மாவட்டத்தில் முதல் பழி மீன்குழம்புக்கு. அடுத்தது மரச்சீனிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு. "கிழங்கு கேஸாக்கும், வாயில வைக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டாவும் பீஃபும் தின்று பத்தரைக்குக் கட்டிலில் விழுகிறவர்கள் மார்த்தாண்டம் முதல் ஆரல்வாய்மொழி வரை உண்டு. விடிந்ததும் மெடிக்கல் ஸ்டோரில் போய் "ஒரு கேஸ் குளிகை தாருங்கோ". குளிகை என்றால் மாத்திரை. என்னைக் கேட்டால், இவர்களில் பெரும்பாலானோர் சாப்பாட்டு வகையை மாற்றத் தேவையே இல்லை. சாப்பிடும் நேரத்தையும், அளவையும், சாப்பிட்டபின் உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்தையும் மாற்றினால் பாதிக்கு மேல் சரியாகும்.

வயிற்றில் அமிலம் இருப்பது நோய் கிடையாது. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை இரைப்பைநீர் எல்லோருக்கும் சுரக்கிறது. அதைத் தாங்க இரைப்பைக்குள் வழவழப்பான பூச்சு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அது இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம். விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ளும். வயிறு முட்டினாலோ, வளையம் தளர்ந்தாலோ, நாம் மட்டமாகப் படுத்தாலோ அமிலம் மேலே ஏறும். கொழுப்பு, புகையிலை, சாராயம், புதினா, சாக்லேட் எல்லாம் வளையத்தைத் தளர்த்துகிறவை. ஆகவே பலருக்கும் அமிலம் கூடுதலாகச் சுரப்பதே இல்லை. சுரந்தது இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது பரோட்டாக் கணக்கைப் பாருங்கள். கெட்டியான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 3, 4 மணி நேரம் ஆகும். எண்ணெய் கூடினால் இன்னும் தாமதம். பத்தரைக்குப் படுக்கிறவர் பத்து மணிக்குத் தின்றால் நிறைந்த வயிற்றோடு, தளர்ந்த வளையத்தோடு, மட்டமாகப் படுக்கிறார். நடுராத்திரி ஒன்றரைக்குப் புளிச்ச ஏப்பத்தோடும் தொண்டை எரிச்சலோடும் எழும்பாமல் என்ன செய்வார்?

படுக்கைக்கும் கடைசிச் சாப்பாட்டுக்கும் இடையில் 3 மணி நேரம் வேண்டும். "கடை அடைக்கவே ஒன்பதரை ஆகும், எங்க போய் ஏழு மணிக்குத் தின்ன?" என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்கு ஒரே வழி, ராத்திரிச் சாப்பாட்டை இரண்டாக உடைப்பது. ஆறரை, ஏழு மணிக்குக் கடையிலேயே 3 இட்லியோ, ஒரு துண்டுப் புட்டும் பயறுமோ. வீட்டுக்கு வந்தபின் ஒரு தம்ளர் கஞ்சித்தண்ணி, அதற்கு மேல் வேண்டாம். முதல் ஒரு வாரம் பசிப்பது போல இருக்கும், அப்புறம் பழகிவிடும். பெரிய சாப்பாடு மத்தியானம் இருக்கட்டும். கிழங்கும் மீனும் மத்தியானம் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தின்றுவிட்டு உச்சிச்சாய்வில் நீட்டி நிமிர்ந்து படுத்தால் செய்யும். அசதி தாங்கவில்லை என்றால் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுங்கள்.

மீன்குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காரம் அமிலத்தைப் பெருக்குவதைவிட, ஏற்கெனவே புண்ணான உணவுக்குழாயில் எரிச்சலைத்தான் கூட்டுகிறது. குழம்பில் வில்லங்கம் பிடித்தவை தேங்காயின் கொழுப்பும் புளியும். அரைக்கிலோ மீனுக்கு அரை மூடித் தேங்காய் அரைக்கிறவர்கள் கால் மூடியாகக் குறைத்து, எலுமிச்சை அளவு புளியை நெல்லிக்காய் அளவாக்கி, ஒரு முருங்கைக்காயைக் கூடப் போட்டால் குழம்பும் குழம்பாகவே இருக்கும். மிளகாய் வத்தலில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்துக்கு மல்லியைக் கூட்டலாம். பொரித்த மீனைத்தான் நான் ராத்திரிக்கு வேண்டாம் என்பேன்.

பழங்கஞ்சிக்கும் இதே அநியாயப் பழி. கஞ்சி பலருக்கு ஒத்துக்கொள்ளும். கூடவே கடிக்கிற பச்சை உள்ளிதான் (வெங்காயம்) நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அமிலத்தை மேலே தூக்கும். உள்ளியை வதக்கிச் சம்மந்தியாக (துவையலாக) அரைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ரப்பர் வெட்டப் போகிறவர்கள் நிலை தனி. விடியுமுன் பால் நன்றாக இறங்கும் என்பதால் மூன்று, நாலு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ), ஒரு பீடி. பிறகு மரத்துக்கு மரம் குனிவதும் நிமிர்வதும். பீடி வளையத்தைத் தளர்த்துவதோடு எச்சிலையும் குறைக்கும். ஏறிவந்த அமிலத்தைக் கழுவி இறக்குவதே எச்சில்தான். சாயாவுக்கு முன் இரண்டு மட்டி வாழைப்பழம் தின்னலாம், பெரிய செலவில்லை. காலைப் பத்து மணிச் சாப்பாடு முடிந்த உடனே பால் எடுக்கக் குனியாமல் அரை மணி நேரம் கழித்துப் போவது இன்னும் நல்லது. பீடிக்கு மாற்று யோசனை எதுவும் என்னிடம் இல்லை, விட வேண்டும்.

இனி கட்டில். இதைச் சொன்னால் எல்லோரும் தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறார்கள். அது கழுத்தை மட்டும் மடக்கி, வயிற்றை அமுக்கி, நிலைமையை மோசமாக்கும். தூக்க வேண்டியது கட்டிலின் தலைமாட்டை. தச்சரிடம் சொல்லி 6 அங்குல உயரத்தில் இரண்டு ரப்பர் மரக்கட்டை அறுத்து வாங்குங்கள். கட்டையின் அகலம் கட்டில் காலைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மேல்பக்கம் கால் உட்காரும் அளவுக்கு அரை அங்குல ஆழத்தில் குழி எடுக்கச் சொல்லுங்கள். குழி இல்லாத கட்டை டைல்ஸ் தரையில் ஒரு மாதத்தில் நகர்ந்து, யாராவது திரும்பிப் படுக்கும்போது கால் நழுவும். கட்டையின் அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது. தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கு மட்டும்தான் கட்டை. நாலு காலுக்கும் வைத்து மொத்தக் கட்டிலையும் உயர்த்தியவர்கள் உண்டு, அதில் பயன் ஒன்றும் இல்லை. உடம்பு கால்பக்கம் சறுக்கினால் விரிப்பைப் பருத்தித் துணிக்கு மாற்றுங்கள். தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறவர்கள் இடுப்பு முதல் தலை வரை தாங்கும் ஆப்பு வடிவப் பஞ்சுமெத்தை வெட்டி வாங்கலாம். கூடவே இடப்பக்கம் சரிந்து படுத்தால், இரைப்பை வளையத்துக்குக் கீழே தொங்கும், அமிலம் ஏறச் சிரமப்படும். வலப்பக்கம் படுத்தால் நேர்மாறு.

சாரத்தை (லுங்கியை), பாவாடை நாடாவை, பெல்ட்டை இறுக்கிக் கட்டுவதும் வயிற்றை மேல்நோக்கி அமுக்கும். தொப்பையும் அதையே 24 மணி நேரமும் செய்கிறது.

கைவைத்தியங்களில் சீரக வெள்ளம் (சீரகத் தண்ணி), புளிக்காத மோரில் மூன்று பங்கு தண்ணி சேர்த்தது, இரண்டும் பரவாயில்லை. சுக்குக்காப்பியை நல்லமிளகு குறைத்துக் குடியுங்கள். நாரங்கா (எலுமிச்சை) சோடாதான் ஏமாற்று. வாயு வயிற்றை உப்ப வைத்து ஏப்பமாக வெளியேறும்போது சுகமாக இருக்கும், ஆனால் அந்த ஏப்பத்தோடு அமிலமும் வரும். பாக்கெட்டில் வரும் பொங்கும் உப்புப் பொடியில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர்கள் அதைப் பழக்கமாக்கக் கூடாது. பால் முதலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதிலுள்ள புரதமும் கால்சியமும் புதிதாக அமிலத்தைச் சுரக்க வைக்கும். 1915-இல் அமெரிக்க டாக்டர் பெர்ட்ரம் சிப்பி, வயிற்றுப்புண்ணுக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் என்று சிகிச்சை வகுத்தார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். பிறகு கைவிட்டுவிட்டார்கள். நம்ம வீடுகளில் இன்னும் கைவிடவில்லை.

குளிகைக்கு வருகிறேன். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறவர்கள் பாதிக் காசை வீணாக்குகிறார்கள். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் விழிக்கும். மருந்து அந்நேரம் ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றைப் பூட்ட முடியும், அதுவும் ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது. எனவே காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால். டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது 4 முதல் 8 வாரத்துக்கு. அதை வருஷக்கணக்கில் தாமே வாங்கித் தின்பவர்களுக்கு பி12, மக்னீசியம் குறைய வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்கள் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கும். "பார், நோய் திரும்பிவிட்டது" என்று மறுபடி தொடங்குவார்கள். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு வயிற்றைக் காக்கவே அந்தக் குளிகையை எழுதியிருக்கலாம், அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

முட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் வாங்குவதும், அது கிளப்பிய எரிச்சலுக்கு அதே கடையில் கேஸ் குளிகை வாங்குவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். வயிற்றில் புண் உண்டாக்குவதில் வலிமாத்திரைக்குப் பெரிய பங்கு. இன்னொரு பங்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு. அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் சேர்ந்த சிகிச்சை வேண்டும், எந்தப் பத்தியத்தாலும் போகாது. எலிக்காய்ச்சல் தடுப்புக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணியில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். ஒரு முழு தம்ளர் தண்ணி, பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.

விழுங்கும்போது சோறு நெஞ்சில் தங்குவது, மலம் தார் போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிவது, ரத்தம் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்று பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, செய்து பார்த்தாக வேண்டும்.

நெஞ்சு அமுக்கம், வியர்வை, மூச்சுமுட்டல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, அதுவும் சுகர் உள்ளவருக்கோ 40 தாண்டியவருக்கோ என்றால் நாரங்கா சோடா கலக்கிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, பக்கத்தில் இசிஜி உள்ள எந்த ஆஸ்பத்திரியோ, எது கிட்டமோ அங்கே போகட்டும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், இன்னொன்று எடுக்கணும், இருங்கள் என்று டாக்டர் சொன்னால் இருந்து எடுத்துவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.