மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் 160/100
ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராததற்கு நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததே காரணம் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அம்மா ஆறு வருடங்களில் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பதே நான்தான். ஆனாலும் எப்போது பார்த்தாலும் 160/100. எங்கள் தெரு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு அதே அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரை 5 மில்லிகிராமையே எழுதித் தருவார். 140/90க்குக் கீழே இறங்காதபோது அளவைக் கூட்டவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ வேண்டாமா? போன வருடம் வேறொரு டாக்டரிடம் போனோம். மாடிப்படி ஏறி வந்த அம்மாவை அவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, இரண்டு முறை அளந்தார். பிறகு, "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் அம்மாவே வாங்கி தினமும் விழுங்கிவந்த டைக்ளோஃபெனாக் அப்போதுதான் வெளியே வந்தது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும் என்று ஆறு வருடமாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை! அதை நிறுத்தி, டெல்மிசார்டன் என்ற இன்னொரு அழுத்த மாத்திரையைச் சேர்த்து, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்து, ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். இப்போது 134/84. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் காசிமேட்டுக் கருவாட்டின்மேல் பழி போட்டிருக்கிறார். கருவாட்டில் உப்பு அதிகம்தான், நாங்களும் குறைத்தோம்; ஆனால் அது மட்டுமே அழுத்தத்தை இறக்கிவிடவில்லை. 2021 முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய உதவி. மாத்திரை வந்தும் அழுத்தம் இறங்காதவர்களுக்கு மருந்துச்சீட்டை மாற்றி எழுத வேண்டியவர் டாக்டர்தானே?