கூகளின் ‘கேச்’ நகல்: புலனத்தில் சுற்றும் தகவல் பழசு

“இணையத்தில் எதை அழித்தாலும் கூகளில் நகல் இருக்கும். முகவரிக்கு முன்னால் ‘கேச்’ என்று போட்டால் வந்துவிடும்.” சுங்கை சிப்புட் புலனக் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

தவறு. ஒரு காலத்தில் சரியாக இருந்தது, அவ்வளவுதான். தேடல் முடிவில் அந்த நகலைத் திறக்க இருந்த இணைப்பை கூகள் 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ‘கேச்’ என்று போடும் அந்தக் கட்டளையும் போனது. அது இருந்த காலத்திலும் கிடைத்தது கூகள் கடைசியாக எட்டிப் பார்த்த நகல்தான். அடுத்த முறை வந்தால் பழையது மறைந்துவிடும்.

இப்போது கைகொடுப்பது இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமைப்பு 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வேபேக் மெஷின், அதாவது இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் தளம். பக்கத்தின் முகவரியை ஒட்டினால் நாள்காட்டி வரும். வட்டமிட்ட தேதியைத் தட்டினால் அன்றைய பக்கம். எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு வீட்டுத் திட்டத்தின் விளம்பரத்தில் ‘முன்பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வரி சத்தமில்லாமல் காணாமல் போனதை அப்படித்தான் பிடித்தோம். (விற்பனையாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!)

வட்டம் இல்லாத நாளுக்கு நகலும் இல்லை. புலனச் செய்தி, நண்பர்களுக்கு மட்டும் போட்ட முகநூல் பதிவு எதுவும் அதில் சிக்காது. உரிமையாளர் கேட்டு நகல் நீக்கப்படுவதும் உண்டு. சந்தேகம் வந்த அன்றே அங்குள்ள ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் முகவரியைப் போட்டுவிடுங்கள்.