ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிய பாடகி

ஆல்டர்நேட்டிவ் ராக் இசை கேட்கும் நண்பர்களிடம் இங்கிலாந்துப் பாடகி பி.ஜே. ஹார்வியைப் பற்றிப் பேச்செடுத்தால், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குத் தரப்படும் மெர்குரி பரிசை 2001இலும் 2011இலும் வென்றவர், அதை இருமுறை பெற்ற ஒரே கலைஞர் என்றுதான் தொடங்குவார்கள். பெரிய பெருமைதான். ஆயினும், அவருடைய முப்பதாண்டு இசை வாழ்வில் நான் உச்சமாகக் கருதுவது, ஐம்பது வயதைக் கடந்தபின் தாம் வளர்ந்த மண்ணின் பேச்சுமொழியில் அவர் எழுதியதைத்தான்.

1969இல் பிறந்த ஹார்வி, இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்செட் பகுதியில், செம்மறி வளர்க்கும் பண்ணையொன்றில் வளர்ந்தவர். தந்தை கல்வேலை செய்தவர்; தாய் சிற்பி. காங்கேயத்துக்கு அருகே, கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில், அம்மாவின் அப்பாவான அப்பிச்சியின் ஆட்டுப்பட்டிக்குக் காவலிருந்து வளர்ந்த எனக்கு, இந்த ஒரு செய்தியே அவரை நெருக்கமானவராக ஆக்கிவிட்டது.

1992இல் மூவர் குழுவாக முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பு, ஸ்டீவ் அல்பினியின் ஒலிப்பதிவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவானது. மெருகேற்றாத கிதார் ஒலியும், கிசுகிசுப்பிலிருந்து திடீரென அலறலாக உயரும் குரலும் கொண்ட அந்தத் தொகுப்பை இன்றும் ஒரே மூச்சில் என்னால் கேட்க முடிவதில்லை. அந்த வழியிலேயே இன்னும் பத்தாண்டுகள் பாடியிருந்தாலும் ரசிகர்கள் உடன் வந்திருப்பார்கள். அவரோ அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு, 1995இல் முற்றிலும் வேறொரு குரலோடு வந்தார். 2004இல் டிரம்ஸ் தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்தார். 2007இல், தமக்கு அடையாளமாகிப்போன கிதாரை ஒதுக்கிவிட்டு, அதிகம் பழகியிராத பியானோவின் முன் அமர்ந்து, தொண்டைக்கு எளிதில் எட்டாத உச்சத்தில் மெல்லிய குரலில் பாடினார். அதைத்தான் அவருடைய துணிச்சலான தொகுப்பு என்பேன். 2011இல் பரிசு பெற்ற போர்ப் பாடல்களை, ஆட்டோஹார்ப் என்ற தந்திக் கருவியைக் கொண்டு, டார்செட்டில் உள்ள ஒரு தேவாலயத்திலேயே பதிவு செய்தார்.

கைக்குப் பழகிய கருவியை வைத்துவிட்டுப் பழகாததை எடுத்ததைப் போலவே, உலகம் அறிந்த ஆங்கிலத்தை வைத்துவிட்டு ஊர்ப் பேச்சையும் அவர் எடுத்தார். 2022இல் வெளிவந்த ‘ஓர்லம்’ என்ற நெடுங்கவிதை, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் ஓராண்டு வாழ்வைச் சொல்வது. இறந்துபோன ஆட்டுக்குட்டியின் கண்ணொன்று அவளுக்குக் காவலாக நிற்கும். ஆடு மேய்த்தவருக்குத்தான் இப்படியொரு கற்பனை வரும். 19ஆம் நூற்றாண்டில் டார்செட் பேச்சில் கவிதை எழுதி, அதன் சொற்களையும் தொகுத்து வைத்த வில்லியம் பார்ன்ஸ் அவருக்குத் துணையிருந்தார். அக்கவிதைகளே 2023இல் பாடல்களாயின.

நமக்கும் அத்தகைய துணை இல்லாமலில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சை எழுத்தில் ஏற்றினார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்துத் தந்திருக்கிறார். உரைநடையில் இவ்வளவு வளமாக வந்துவிட்ட பேச்சு, கிதாரோடு பாடும் நம் இளைஞர்களின் பாட்டில் ஏன் ஒலிக்கவில்லை என்பதே என் ஆதங்கம். நான் கேட்டவரையில், கோவையிலும் ஈரோட்டிலும் சொந்தமாகப் பாட்டெழுதுபவர்கள்கூடத் திரைப்பாடலின் பொதுத்தமிழில் எழுதுகிறார்கள். இல்லையேல் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். காரணம் தெரியாததல்ல. வீட்டுக்கு ஒறம்பரை வந்திருப்பதால் நேற்று வரவில்லை என்று நான் ஆறாம் வகுப்பில் சொன்னபோது, ஆசிரியர் உட்பட வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பல ஆண்டுகள், விருந்தாளியைக் குறிக்கும் அந்தச் சொல்லை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

டார்செட் சொற்களில் பாதி எனக்குப் புரியாமலேதான் அந்தப் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பாட்டு எங்கும் தடைப்படவில்லை. ஆகவே, நம் சொற்கள் சென்னையில் புரியுமா என்ற கவலையை விட்டுவிடுங்கள். நோம்பியைத் திருவிழா என்றும், அம்முச்சியைப் பாட்டி என்றும் மாற்றாமல், ஒரே ஒரு பாட்டையாவது எழுதிப் பதிவேற்றுங்கள். முதல் ஆளாக நான் கேட்கிறேன்.