அசிஸ்டன்ட்ஷிப்பை முகவர் வாங்கித் தர முடியாது

அசிஸ்டன்ட்ஷிப் என்பது மேற்படிப்பு மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் கட்டணத் தள்ளுபடியும் சம்பளமும். "அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் அமெரிக்காவில் ஒரு சதமும் செலவில்லை, முகவரிடம் காசு கட்டினால் எடுத்துத் தருவார்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். திருகோணமலையில் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கும் அம்மாக்களும் இதை வாசிப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அசிஸ்டன்ட்ஷிப் யாருக்கு என்று தீர்மானிப்பது பல்கலைக்கழகத் துறைதான், சில வேளை ஆய்வுப் பணம் வைத்திருக்கும் பேராசிரியர். முகவருக்கு அதில் கை இல்லை. அது தானமும் இல்லை, வேலை: முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, ஆய்வில் உதவுவது. வழக்கமாக வாரத்துக்கு 20 மணித்தியாலம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் செய்யக்கூடிய உச்சமும் அதுதான்.

சரி, செலவே இல்லையா? என் தங்கைக்கு வந்த கடிதத்தை உப்புவெளி வீட்டு மேசையில் வைத்து வரிவரியாக வாசித்தோம். படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மாதச் சம்பளம் உண்டு. கீழே சின்ன எழுத்தில், 'மாணவர் சேவைக் கட்டணங்கள் இதில் அடங்காது.' மருத்துவக் காப்புறுதியில் ஒரு பங்கும் அவள் தலையில். சம்பளத்துக்கு வரியும் உண்டு. விமானச் சீட்டு, விசாக் கட்டணம், முதல் சம்பளம் வரும்வரை வாடகை எல்லாம் கையிலிருந்துதான்.

கலாநிதிப் பட்டத்துக்கு இந்த உதவி பரவலாகக் கிடைக்கும், முதுமாணிக்கு மட்டும் என்றால் குறைவு. விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகத்திடம் எடுக்க, கடிதத்தில் உள்ள தொகை போக மீதியை மட்டும் வங்கியில் காட்டினால் போதும். விண்ணப்பிக்க முன்னரே துறைக்கு நேரே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் எழுதுவார்கள்.