வட்ட மூடி, சதுர மூடி

டில்லியில் எந்த அமைச்சருக்கு எந்த இலாகா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சென்னையில் நான் குடியிருக்கும் வார்டின் எண் ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு மழைநாளில், வாசலில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நின்ற புண்ணியத்தில். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு அழைத்தேன். வார்டு எண் கேட்டார்கள். விழித்தேன்.

மறுநாள் கடப்பாரையோடு வந்த தூய்மைப் பணியாளர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். "சாலை நடுவே வட்டமாக இருப்பது பாதாளச் சாக்கடை மூடி சார். அது குடிநீர் வாரியம். ஓரத்தில் சதுரமாக இருக்கிற சிலாப் மழைநீர் வடிகால். அது மாநகராட்சி." பிறகு சிலாப்பை நெம்பி உள்ளே பார்த்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதில் மழைத்தண்ணீர்தான் ஓட வேண்டும். உங்கள் தெருக்காரர் யாரோ வீட்டுக் கழிவுநீர்க் குழாயை இதில் விட்டிருக்கிறார்." குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மூன்று வீடு தள்ளி இருக்கும் அடுக்ககம். அரசாங்கத்தைத் திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்த வசவுகளை விழுங்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து இந்த ஊரை யார் ஆள்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகத்தான் இருந்தது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. அதற்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? ஒருவழியாக 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வாக்களிக்காத பெரும்பான்மையில் அடியேனும் ஒருவன். அந்த ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயரும் என்ற அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகக் கொதித்ததும் அடியேன்தான்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறைகூட நிலையாக இல்லை. 1996, 2001, 2011 ஆண்டுகளில் நாமே நேரடியாக வாக்களித்தோம். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் யாராக இருந்தாலும் நிர்வாகத்தின் கடிவாளம் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம். கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வேறு நிர்வாகம், மின்சாரம் வேறு நிர்வாகம். ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், கரண்ட் போனாலும், நாய் குரைத்தாலும் நாம் அழைப்பது கவுன்சிலரைத்தான். கவுன்சிலர்களை நான் புனிதர்களாக்கவில்லை. இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வார்டிலோ, கவுன்சிலரின் எண்ணுக்கு அழைத்தால் இன்றுவரை அவருடைய கணவர்தான் எடுக்கிறார். "மேடம் பிஸி" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார்.

நான் தேடியதில் உருப்படியாகக் கிடைத்தது பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் கூட்டம். வார்டுக் குழுக்கள் பற்றி 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022இல். அந்த நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராம சபை பற்றிப் பெருமையாகப் பேசும் நமக்கு, நகரத்திலும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. வேண்டியவர்களையே வார்டுக் குழு உறுப்பினர்களாகப் போடுகிறார்கள் என்ற குறை உண்டு, நியாயமான குறைதான். ஆனால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி.

போன முறை எங்கள் பகுதி சபைக்குப் போனேன். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், வந்திருந்தவர்கள் பதினேழு பேர். பொறியாளர் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். சதுர சிலாப்பின் புகைப்படத்தோடு என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் அந்த மூன்றாவது வீட்டு அடுக்ககக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "எங்கள் தெருவில் கொசு தாங்கவில்லை. மருந்து எப்போது அடிப்பீர்கள்?"